சீனியரின் கோபமும் என் சிரிப்பும்

“சத்தமா படி!” என்ற அதட்டலோடுதான் அந்த நான்கு வருடங்களும் எனக்கு நினைவுக்கு வருகின்றன. மந்தைவெளியில் ஒரு மருந்துக்கடை. கவுன்ட்டரில் நானும், வெகுகாலமாக அங்கேயே இருந்த எங்கள் சீனியரும். யாராவது மருந்துச் சீட்டை நீட்டினால் அவர் தொடமாட்டார், என் பக்கம் தாடையை ஆட்டுவார். மருந்தின் பெயரையும் எத்தனை மில்லிகிராம் என்பதையும் கடையே கேட்கும்படி நான் படிக்க வேண்டும். அவர் திரும்பி, அலமாரியிலிருந்து எடுத்துப் போடுவார். கொஞ்சம் தயங்கினால், “டிப்ளமோ படிச்சியா, இல்ல எங்கனா வாங்கினியா?” என்பார், வாடிக்கையாளர் முன்னாலேயே.

எனக்கு முன் இருந்த இரண்டு பேர் அவர் வாய்க்குப் பயந்தே ஓடிவிட்டார்கள். எனக்கு அந்த வேலை தேவையாக இருந்தது. அதனால் அவர் என்ன சொன்னாலும் சிரித்துவிடுவது என்று முடிவு செய்தேன். செய்தி வாசிப்பவளைப் போல ராகம் போட்டுச் சீட்டைப் படிப்பேன். காலையில் அவர் பதிலே சொல்லாத வணக்கத்தை விடாமல் சொல்வேன். “அவரை எப்படிம்மா சமாளிக்கிற?” என்று முதலாளி ஆச்சரியப்படும்போது எனக்குப் பெருமை தாங்காது. வீட்டிலும் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

ஒரு திங்கட்கிழமை மாலை. நான் போனில் இருந்தேன். வழக்கமாக வரும் அம்மா ஒருவர் ரத்த அழுத்த மாத்திரையின் பெயரைச் சொல்ல, சீனியர் எடுத்து உறையில் போட்டுக் கொடுத்தார். பில் போடும்போது தற்செயலாகப் பார்த்தேன். இருபத்தைந்து மில்லிகிராமுக்குப் பதில் ஐம்பது. முதல்நாள்தான் அலமாரியை மாற்றி அடுக்கியிருந்தோம். சத்தமில்லாமல் மாற்றிக் கொடுத்து அனுப்பினேன். அப்போதுதான் உறைத்தது: அவர் இடத்தை நினைவில் வைத்துத்தான் மருந்து எடுக்கிறார், படித்து அல்ல. மறுநாள் செவ்வாய்க்கிழமைக்கு நான் விடுமுறை சொல்லியிருந்தேன். கவுன்ட்டரில் அவர் மட்டும்தான் இருப்பார்.

முதலாளியிடம் சொன்னால் சீனியரின் பிழைப்பு போய்விடும். சொல்லாவிட்டால் யாருடைய உயிராவது போகலாம். முதலில் அவரிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். விடுமுறையை விட்டுவிட்டுக் கடைக்குப் போய் அவர் எதிரில் நின்றேன். பழக்கதோஷம், சிரிப்பு வந்துவிட்டது.

“இன்னாம்மா, லீவு நாள்ல வந்து பல்ல காட்டிக்கினு நிக்கிற?”

சிரிப்பை நிறுத்தினேன். “சார், உங்களுக்குக் கண்ணு சரியா தெரியலையா?”

கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கவுன்ட்டரில் வைத்தார். பிறகு, “ஒரு கண்ணு சுத்தமா இல்ல. இன்னொண்ணு கலங்கலா கீது,” என்றார்.

“ஏன் சார் சொல்லல?”

“யாரு கேட்டா?”

அன்று முழுக்க ஒவ்வொரு மாத்திரையையும் நானே எடுத்தேன். அந்த வாரமே அவர் முதலாளியிடம் தானே போய்ச் சொல்லிவிட்டு வேலையை விட்டார். இன்று திருவான்மியூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அந்தக் கவுன்ட்டரில் இப்போது நான்தான் சீனியர். யாராவது சள்ளென்று விழுந்தால் இப்போதெல்லாம் உடனே சிரிப்பதில்லை, உடம்புக்கு என்ன என்று கேட்கிறேன். கேட்டதற்காகத் திட்டு வாங்கியதும் உண்டு.

ஆனாலும் அந்த வாரத்தில் கண் மருத்துவமனைக்கு அவரை அழைத்துப்போன நாளை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. சர்க்கரையால் வந்தது, ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் அந்தக் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்து, “கூடவே வேலை செய்யறீங்க, கவனிக்கலையா?” என்று கேட்டார்.

சீனியர்தான் பதில் சொன்னார். “இந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டர். நான் எரிஞ்சு எரிஞ்சு விழுவேன். பாவம், அது சிரிச்சிக்கினே போயிடும்.”

நான்கு வருடத்தில் எதற்கெல்லாமோ என்னைத் திட்டியவர், அந்த ஒரு தவறுக்கு மட்டும் திட்டவில்லை.