ஒட்டக் கூடாத கோன்

தெருவில் அவரைக் கோன்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐஸ்கிரீம் கேட்டு வந்து ஏமாந்து திரும்பும் பிள்ளைகளும் உண்டு. கிழிந்த ஸ்பீக்கருக்குப் புதுக் காகிதக் கோன் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். இருபத்தாறு வருடமாக ஒரே அறை, ஒரே மேசை, பசை வாடை. பேச்சு குறைவு. தொழிலில் அவருக்கு ஒரே ஒரு வேதம்தான்: விளிம்பு சரியாக ஒட்டவில்லை என்றால் சத்தம் இரையும்.

அவரிடம் உரிமையோடு வாயடிக்கும் ஒரே ஆள் அக்காள் புருஷன். பெரிய ஓட்டல் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் மாலை வேளைகளில் கிட்டார் வாசிப்பவர். அது ரெசொனேட்டர் கிட்டார். அதன் வயிற்றுக்குள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மெல்லிய அலுமினியக் கோன் ஒன்று உட்கார்ந்திருக்கும். கம்பியின் அதிர்வைப் பெரிதாக்குவது அதுதான். விரலில் எஃகுக் குழலை மாட்டிக்கொண்டு அவர் கம்பிமேல் வழுக்கினால் சாப்பிடுகிறவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்கள் என்று அக்கா சொல்வாள். கடைக்கு வந்தால், "என்ன மாப்ள, ஊர்ல கிழிஞ்சதையெல்லாம் ஒட்டுற. உன் வாயை யாரு ஒட்டினது?" என்பார். கோன்காரர் மாமாவுக்கு டீ வாங்க ஆள் அனுப்புவார்.

வருடக்கணக்காகக் கம்பிகள் அழுத்தி அழுத்தி அந்த அலுமினியக் கோன் நடுவில் குழிந்துபோனது. குரல் கம்மி, இரைச்சல் சேர்ந்தது. அந்த நேரம் பார்த்து ஓட்டலுக்குப் புது மேனேஜர் வந்தார். வாசிக்கிற நாலு பேரையும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்டுவிட்டு, ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். ஐம்பத்து மூன்று வயதில் மாமாவுக்கு வேறு வேலை தெரியாது. தபாலில் வரவழைத்த புதுக் கோன் புதன்கிழமைதான் கைக்குக் கிடைத்தது. கிட்டார் கடையில் கொடுக்கலாமே என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். கோன் என்றால் அது என் மாப்பிள்ளை வேலை, வேறு எவனும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

கோன்காரர் கம்பிகளைக் கழற்றினார். மேல்மூடியின் திருகுகளை எடுத்துவிட்டுப் பழைய கோனைத் தொட்டார். அது கையோடு வந்துவிட்டது. பொட்டுப் பசைகூட இல்லை. கோன் உட்காரும் வட்டமான மரப்படியில் கறுத்த அழுக்கு மட்டும் இருந்தது. பழைய பசை காய்ந்து உதிர்ந்துவிட்டது, இரைச்சல் வந்ததே அதனால்தான் என்று முடிவு கட்டினார். படியைச் சுரண்டித் துடைத்து, சுற்றிலும் ரப்பர் பசையை ஒரே சீராக ஓடவிட்டு, புதுக் கோனை இறக்கினார். கோனோடு படம் போட்ட காகிதம் ஒன்று வந்திருந்தது. அதில் கையைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு சுத்தமான ஒட்டு தன் ஆயுளில் போட்டதில்லை என்று பிறகு அவரே சொன்னார்.

வெள்ளி மதியம் கம்பி ஏற்றினார்கள். மாமா குழலை மாட்டி ஒரு இழுப்பு இழுத்தார். இரைச்சல் இல்லை. சத்தமும் இல்லை. தலையணையில் முகம் புதைத்து யாரோ பேசுவது போல் இருந்தது. மேல்மூடியின் ஓட்டை வழியாக உள்ளே பார்த்தார்.

"மாப்ள, ஒட்டிட்டியா?"

"ஒட்டாம எப்படி மாமா?"

"அது சும்மா உட்கார்ந்திருக்கணும்டா. கம்பி அழுத்துறதுதான் அதுக்குப் பிடிமானம்."

முப்பது வருடமாகத் தெரிந்த விஷயம் இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கும் என்று மாமாவுக்கும் தோன்றியிருக்கவில்லை.

தின்னரும் பிளேடுமாக இருவரும் குனிந்தார்கள். காகிதம் போன்ற அந்த விளிம்பு பசையோடு சேர்ந்து கிழிந்து வந்தது. கடைசியில் பழைய கோனின் குழிவைக் கட்டைவிரலால் உள்ளிருந்து தள்ளி நிமிர்த்தி, அதையே வைத்து மூடினார்கள். மாமா அதோடு போனார். மேனேஜர் முதல் பாட்டு முடியும்வரைகூட உட்காரவில்லை.

அதே ஓட்டலின் சலவை அறையில், விரிப்புகளை மடித்து அடுக்கும் வேலை கொடுத்தார்கள். மாமா திட்டவில்லை. கிட்டாரைக் கோன்காரர் கடையிலேயே விட்டுவிட்டார். அந்தப் பக்கமாகப் போனால் உள்ளே வருவார், டீ குடிப்பார், வெயிலைப் பற்றிப் பேசுவார். கிண்டல் மட்டும் இல்லை. "ஒரு அறை விட்டிருந்தாக்கூடத் தேவலை," என்றார் கோன்காரர், எதிர்க்கடைத் தையல்காரரிடம்.

யாரிடமும் சொல்லாமல் இன்னொரு கோன் வரவழைத்தார். வந்து சேர ஏழு வாரம். இந்த முறை காகிதத்தை எழுத்தெழுத்தாகப் படித்தார். கோனின் நடுவைத் தொடாமல், விளிம்பை மட்டும் பிடித்துப் படியில் வைத்தார். கம்பிகளை ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. கட்டைவிரலால் ஆறு கம்பியையும் ஒரு வருடு வருடினார். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

மறுநாள் அக்காவை வரச்சொல்லி அதே போல் வருடிக் காட்டினார். அவள் வாசலிலேயே நின்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்கு மட்டும் கொண்டு வராதே."

"ஏன்க்கா?"

"இப்பத்தான் தூங்க ஆரம்பிச்சிருக்காரு. இதைப் பார்த்தா கை சும்மா இருக்காது. வாசிச்சு? எங்கே போய் உட்கார்ந்து வாசிக்கிறது?"

அவள் போன பிறகு கிட்டாரைப் பீரோ ஓரமாகச் சாய்த்து வைத்தார். கம்பியைத் தளர்த்தினால் கோன் இடம் நகர்ந்துவிடும். முறுக்கியபடியே விட்டால் நாளாவட்டத்தில் இதுவும் குழியும். எது நல்லது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு இருந்தது ஒரே ஆள்தான். அவரிடம் கேட்க வாய் வரவில்லை.