இரண்டாவது சரணம்

பாட்டு பாதியில் அறுந்து நகைக்கடை விளம்பரம் தொடங்கியதும், முத்தம்மா இஸ்திரிப் பெட்டியைச் சட்டையிலிருந்து தூக்கி ஓரமாக வைக்கிறார். வண்டியின் மேல் கம்பியில் தொங்கும் ரேடியோவை, எதிரே ஒரு ஆள் நிற்பதைப் போல முறைக்கிறார்.

"மறுபடியும் முழுங்கிட்டான் பாரு சார்."

மந்தைவெளியில் எங்கள் தெருமுனை வாகை மரத்தடிதான் அவருடைய இடம். ஆற்றோரத்து வீட்டை அரசாங்கம் இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகும், தினமும் இரண்டு பஸ் மாறி ஏழரைக்கெல்லாம் வந்துவிடுவார். கரி பற்றுவதற்கு முன்பே ரேடியோ பாடத் தொடங்கிவிடும். பட்டுச் சேலைகளை மெல்லிசை நேரத்துக்கென்று ஒதுக்கி வைத்திருப்பார். என் வெள்ளைச் சட்டையின் கையில் ஒருமுறை இரட்டை மடிப்பு விழுந்திருந்தது. கேட்டதற்கு, "அன்னிக்கி ஒரு நல்ல பாட்ட வெட்டிட்டான் சார், கோவத்துல கை பிசகிச்சி" என்றார். மன்னிப்புக் கேட்கும் குரலாக அது இல்லை.

அவர் கோபத்தின் மையத்தில் ஒரே ஒரு பாட்டு இருந்தது. ஓடாத படம், பெயர் அவருக்கே நினைவில்லை. ரயில் நிலையத்தில் ஒருத்தி, வருவதாகச் சொல்லிப் போனவனுக்காகக் காத்திருந்து பாடுகிறாள். முதல் சரணத்தில் அழுகிறாள். வாரத்துக்கு இரண்டு முறையாவது அவர் கேட்கும் பண்பலையில் அது ஒலிக்கும். முதல் சரணம் முடிந்ததும் விளம்பரம் வந்துவிடும்.

"அவ எழுந்து போறது ரெண்டாவது சரணத்துல கீது சார். இவனுங்க அவள அழவெச்சே நிறுத்திடறானுங்க. எத்தினி வருசமா அந்தப் பொண்ணு பிளாட்பாரத்துலயே குந்திகினு அழும்?"

நான் ஏதோ யோசிப்பதைப் பார்த்துவிட்டு, இது தன் கதை என்று நினைத்துவிட வேண்டாம், தன் வீட்டுக்காரர் வீட்டில்தான் இருக்கிறார் என்று சொல்லி வைத்தார்.

அந்தப் பாட்டை முழுதாகப் போடச் சொல்ல, நேயர் விருப்பத்துக்குப் பதினொரு நாள் தொடர்ந்து முயன்றபின் போன வைகாசியில் அவருக்கு லைன் கிடைத்தது. தொகுப்பாளர் குஷியாக இருந்தார். என்ன வேலை என்று கேட்டார். சொன்னதும், "அப்போ பாட்டுல இருக்கற சுருக்கத்தக்கூட தேய்ச்சு எடுத்துடுவீங்களா அக்கா?" என்றார். பின்னணியில் பதிவு செய்து வைத்த கைதட்டலும் சிரிப்பும் எழுந்தன.

"பாட்ட சுருக்கினது நீதாம்பா" என்றார் முத்தம்மா.

லைன் அறுந்தது. பாட்டு வந்தது. அதே இடத்தில் அதுவும் அறுந்தது. தெருவே அதைக் கேட்டது. அடுத்த வீட்டு பாலகணேஷ் சிரித்துக்கொண்டே வந்து, ரேடியோவில் நன்றாகப் பேசினீர்கள் என்றார். முத்தம்மா அவருடைய துணி மூட்டையைத் தேய்க்காமலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் யாரிடமும் துணி வாங்கவில்லை. ஆழ்வார்பேட்டையில் அந்த வானொலி நிலையத்தின் அலுவலகத்துக்கே போய்விட்டார். அங்கே நடந்தவற்றை அவர் சொல்லித்தான் அறிவேன். வரவேற்பில் இருந்த பெண், புகார் என்றால் மெயில் அனுப்பச் சொன்னாள். முத்தம்மா சோபாவில் உட்கார்ந்துகொண்டார். மதியம் வரை எழவில்லை. கடைசியில், பாட்டுகளை வரிசைப்படுத்தும் ஃபராஸ் என்ற இளைஞர் வெளியே வந்தார். மூன்று நிமிடம் தாண்டினால் ஜனங்கள் வேறு நிலையத்துக்குப் போய்விடுகிறார்கள் என்று பொறுமையாக விளக்கினார். அவர்கள் கம்ப்யூட்டரில் இருப்பதே அவ்வளவுதானாம். பிறகு உண்மையாகவே தெரியாமல், "இதுக்கு ரெண்டாவது சரணம் வேற இருக்கா?" என்று கேட்டார்.

அதுவரை அடக்கியிருந்த ஆத்திரம் அந்த ஒரு கேள்வியில்தான் பொங்கியதாம். "பாட்டு விக்கறவனுக்கு பாட்டு எங்க முடியுதுன்னு தெர்ல சார்." எழுந்து நின்று, அந்த ஏசி அறையின் நடுவில், இரண்டாவது சரணத்தை முழுதாகப் பாடிவிட்டார்.

*காத்த கண்ணுக்கு ஓய்வு கொடுத்தேன்*
*காலுக்கு நானே வழி கொடுத்தேன்*

"கொரலு கரகரன்னுதான் வந்துச்சி. வார்த்த பிசகல" என்றார் என்னிடம். வரவேற்புப் பெண் போனை எடுக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஃபராஸ் அவருடைய நம்பரை எழுதிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து அழைப்பு வந்தது. யாரோ ஒருவரின் பழைய கேசட்டிலிருந்து முழுப் பாட்டையும் எடுத்தாகிவிட்டது; நாளைக் காலை பதினொன்றுக்குக் கேளுங்கள் என்றார் ஃபராஸ்.

மறுநாள் தேய்த்த சட்டையை வாங்கும் சாக்கில் நானும் போய் நின்றேன். தொகுப்பாளர் அதே குஷியோடு, காணாமல் போன அரிய பொக்கிஷத்தைத் தங்கள் நிலையம் தேடிக் கண்டுபிடித்திருப்பதாக அறிவித்தார். முத்தம்மாவின் பெயரைச் சொல்லவில்லை.

"ஒளிச்சு வெச்சவனே கண்டுபிடிச்சானாம்" என்றார் முத்தம்மா.

பல்லவி போயிற்று. முதல் சரணத்தில் அந்தப் பெண் வழக்கம்போல அழுதாள். வழக்கமாக விளம்பரம் வரும் இடத்தில் புல்லாங்குழல் வந்தது. எங்கள் தெருவில் அதுவரை கேட்டிராத குழல். முத்தம்மாவின் பெயரைக்கூடச் சொல்லாமல் விட்டது எனக்குப் பொறுக்கவில்லை. நாளைக்கே நாம் இருவரும் அந்த அலுவலகத்துக்குப் போய்க் கேட்போம் என்று வாயைத் திறந்தேன்.

அவர் ரேடியோவை விட்டு என் பக்கம் திரும்பாமலே, கரி படிந்த உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே உயர்த்தினார்.