மல்லிகா வந்துடுச்சு

வினோதாவுக்கு மல்லிகாவைக் கண்டாலே ஆகாது. நேரில் ஒரு தடவைகூடக் கண்டதில்லை என்பது வேறு விஷயம். போனில் பார்த்ததே வயிறெரியப் போதுமானதாக இருந்தது.

வினோதா ஓசூர் சிப்காட்டில், வண்டிகளுக்கு கியர் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிறாள். வாரமெல்லாம் கியர்ப் பல்லை அளந்துவிட்டு, லீவு நாளில் விஞ்ஞானிகளைத் தேடிக் கிளம்பிவிடுவாள். 'கேட்டா என்ன?' என்று ஒரு யூடியூப் சேனல் வைத்திருந்தாள். பூச்சியை ஆராய்கிறவர், பாறையை ஆராய்கிறவர், ஏரித் தண்ணீரில் ஏன் இப்படி நுரை தள்ளுகிறது என்று ஆராய்கிறவர், யாராயிருந்தாலும் எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மனசில் பட்டதைக் கேட்பாள். படித்தது பாலிடெக்னிக். புரியாததைப் புரியவில்லை என்று சொல்ல அவளுக்கு வெட்கமே கிடையாது. "சார், இன்னொரு வாட்டி சொல்லுங்க, மண்டைல ஏறல" என்பாள். பெரிய பெரிய படிப்பாளிகளும் சிரித்துவிட்டு, வீட்டு மனுஷியிடம் பேசுகிற மாதிரி பேசுவார்கள். முடிக்கும்போது மட்டும் எல்லோரிடமும் ஒரே கேள்வி: "உங்களுக்கே இன்னும் தெரியாத ஒண்ணு சொல்லுங்க." அந்தப் பதிலுக்காகவே சிலர் கடைசிவரை பார்த்தார்கள். சிலர் என்றால் சிலர்தான்.

கேமரா, எடிட்டிங், ஆட்கள் குறுக்கே வராமல் மறிப்பது எல்லாம் அப்பாஸ். பக்கத்து வீட்டுப் பையன், பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி, பஸ் ஸ்டாண்டு அருகே மொபைல் கடையில் வேலை செய்கிறான். இருவருமாகச் சந்தோஷமாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் பெங்களூரிலிருந்து மல்லிகா முளைத்தாள்.

அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அதே மாதிரி விஞ்ஞானிகள், அதே மாதிரி பேட்டி. ஒரு வாக்கியம் தமிழ், ஒரு வாக்கியம் கன்னடம், இடையில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புத்தான் வினோதாவுக்கு அடியோடு பிடிக்காது. எவ்வளவு பல்! ஆளுக்கு ஒரு மைக், பின்னால் செடித்தொட்டி, முகத்தில் எங்கிருந்தோ ஒரு வெளிச்சம். இங்கே அப்பாஸ், பழைய பனியனை மைக்கில் சுற்றிக் காற்றுச் சத்தத்தை அடக்கிக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தான் பேசுது அந்தப் பொண்ணு" என்று ஒரு நாள் அவன் வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

"அப்ப அங்கயே போய் கேமரா புடி."

அதோடு சில நாட்கள் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் மல்லிகாவின் வீடியோ ஒன்றைக்கூட வினோதா விடவில்லை. கம்பெனி பஸ்ஸில், சாப்பாட்டு நேரத்தில், துணி காயப்போடும்போது என்று பார்த்துத் தீர்த்தாள். ஏரி நுரைக்காரர் அங்கேயும் போய் உட்கார்ந்தார். தன்னிடம் சொல்லாத எதையெல்லாமோ அவளிடம் சொல்லிச் சிரித்தார். பார்க்கப் பார்க்கக் காதில் புகை வந்தது. அந்தச் சமயம் பார்த்து வினோதாவின் வீடியோவுக்குக் கீழே ஒரு மகராசன் எழுதினான்: "மல்லிகா மேடம் மாதிரி ட்ரை பண்றீங்க, கீப் இட் அப்." ஒரு வருஷம் முன்னாலேயே ஆரம்பித்தவள் இவள்! இவள் யாரைப் பார்த்து ட்ரை பண்ண வேண்டும்? அன்றைக்கு வீட்டில் தட்டு டம்ளரெல்லாம் தானாகச் சத்தம் போட்டன.

இந்த நிலைமையில்தான் முத்துக்குமார் சார் கிடைத்தார். மாம்பழ ஆராய்ச்சிக்காரர். குருபரப்பள்ளி தாண்டி ராஜாத்தியம்மாவின் மாந்தோப்பில், வரப்போரமாகத் தானே முளைத்த ஒரு மரத்தைக் காட்டினார். தோப்புக்குச் சொந்தக்காரியான ராஜாத்தியம்மா மரத்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

"மாமரம்னா ஒரு வருசம் காய்ச்சா ஒரு வருசம் படுத்துக்கும்மா. இது ஒண்ணுதான் படுக்கவே படுக்காது."

ராஜாத்தியம்மா சொன்னால் போதுமா? ஆராய்ச்சிக்குத் தானே பார்த்த கணக்கு வேண்டும். முத்துக்குமார் சார் அந்த மரத்தைத் தேடிப் பிடித்ததிலிருந்து இரண்டு வருஷமாக விடாமல் காய்த்திருந்தது. மூன்றாவது வருஷமும் பூத்துவிட்டால் அடித்துச் சொல்லலாம். வருஷம் விட்டு வருஷம் வெறுந்தோப்பைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்கு ஒரு வழி பிறக்கும். அவருக்கோ அடுத்த கோடையில் ரிட்டயர்மென்ட். மிச்சமிருப்பது ஒரே ஒரு பூ சீசன்.

"கொழுந்து நுனிலதாம்மா பூவே வரும்" என்றார். "ஒட்டுக்கன்னு கட்டி விக்கறவங்களுக்கும் அதே நுனிக் குச்சிதான் வேணும். இப்படி ஒரு மரம் இங்க இருக்குதுன்னு தெரிஞ்சா ஒடிச்சிட்டுப் போயிடுவாங்க. வேலி போடற வரைக்கும் இந்த வீடியோவ வெளிய விட்டுறாத."

"எங்க கம்பெனில ஒரு பீஸ் மேல மஞ்ச டேக் கட்டிட்டோம்னா அது ஹோல்டு சார். எம்.டி.யே வந்தாலும் நகத்த முடியாது. இதுக்கு டேக் கட்டியாச்சு" என்றாள் வினோதா. உண்மையாகத்தான் சொன்னாள். லேப்டாப்பில் அந்த ஃபோல்டருக்கு 'ஹோல்டு' என்றே பெயரும் வைத்தாள். தன் வாழ்க்கையிலேயே நல்ல பேட்டி அதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இது வெளியே வரட்டும், அப்புறம் பேசட்டும் அந்தப் பெங்களூர்க்காரி.

சில வாரம் கழித்து சாரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. சாப்பாட்டு நேரம். கேண்டீன் வாசலில் நின்று கேட்டாள்.

"வினோதாம்மா, வேலி இன்னும் வரல, உன்னுது கொஞ்சம் பொறுக்கட்டும். இங்க மல்லிகா வந்துடுச்சு. மொதல்ல அத முடிச்சு அனுப்பிட்டுத்தான் மத்ததெல்லாம். இந்த வருசம் மல்லிகா ரொம்ப நல்லா வந்திருக்குது, நேர்ல பாத்தா நீயே அசந்துடுவ. ராஜாத்தியம்மா தோப்புலதான் இருக்கறேன்."

எங்கள் பக்கத்தில் வயசுப் பெண்ணை 'அது' என்றுதான் சொல்வோம். அது வந்துச்சு, அது போச்சு, அது நல்லாப் படிக்குது. செல்லமாகச் சொல்வதுதான், மரியாதைக் குறைவெல்லாம் இல்லை. அதனால் அந்த மெசேஜில் வினோதாவைத் தடுத்து நிறுத்த ஒரு எழுத்துக்கூட இல்லை. திரும்பவும் போட்டுக் கேட்டாள். அந்தத் தோப்பு. அந்த வரப்பு. அங்கே போய் அவள் நிற்கிறாள். பல்லைக் காட்டிக்கொண்டு என் மரத்தடியில் நிற்கிறாள்! அப்படியானால் என்னைப் பொறுக்கச் சொன்னது வேலிக்காகவா, அவளுக்காகவா?

சாயங்காலம் மொபைல் கடையில் போய் அப்பாஸிடம் போனை நீட்டினாள். அவன் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அவரு யாரச் சொல்றாருன்னே சரியா தெரியல வினோ. ஒரு போனப் போட்டுக் கேளேன். கேட்டா என்ன?"

"கேக்கறதுக்கு இதுல என்னடா இருக்குது? அதான் வாயாலயே சொல்லிட்டாரே!"

ஊரில் உள்ள விஞ்ஞானிகளையெல்லாம் உட்காரவைத்துக் கேள்வி கேட்டவள், சேனலுக்கே அந்தப் பெயரை வைத்தவள், அன்றைக்கு ஒரே ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. பொறாமை வந்துவிட்டால் எல்லாப் பதிலும் முன்கூட்டியே கையில் இருக்கும் போலிருக்கிறது.

அன்று வீட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்து அவளே வெட்டி ஒட்டினாள். குருபரப்பள்ளி தாண்டி எந்தக் கைப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது முதற்கொண்டு படத்தில் இருந்தது, எடுக்கவில்லை. கடைசிக் கேள்விக்கு சார் சொன்ன பதிலை மட்டும் எடுத்தாள். "அடுத்த வருசம் பூக்குமான்னு எனக்கே தெரியாதும்மா. அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும், நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று சொல்லியிருந்தார். தெரியாது என்று முடித்தால் யார் பகிர்வார்கள்? 'ஓயாமல் காய்க்கும் அதிசய மாமரம்' என்று தலைப்புக் கொடுத்து ஏற்றிவிட்டாள்.

ஓடியது ஐயா, ஓடியது! இத்தனை நாள் எட்டிப் பார்க்காத கூட்டமெல்லாம் வந்து விழுந்தது. கம்பெனி லைனில் வேலை செய்யும் பெண்கள் "அக்கா, உங்கள எங்க மாமா ஸ்டேட்டஸ்ல பாத்தோம்" என்றார்கள். சூப்பர்வைசர் கைகொடுத்தார். முத்துக்குமார் சாரின் போன் வந்துகொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. திட்டுவார், திட்டட்டும், அவர் செய்தது மட்டும் நியாயமா? சொல்லப்போனால் புகழ்கூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. மல்லிகா இதைப் பார்த்திருப்பாளா, பார்த்து முகம் எப்படிப் போயிருக்கும் என்பதுதான் நாளெல்லாம் நினைப்பு. அதற்கும் விடை வந்தது. மல்லிகாவே கீழே எழுதியிருந்தாள்: "அக்கா, சூப்பர்! உங்க முதல் வீடியோல இருந்து பாக்கறேன். உங்களப் பாத்துதான் நான் ஆரம்பிச்சேன்."

"நக்கலப் பாத்தியாடா?" என்றாள் வினோதா அப்பாஸிடம்.

அந்த வாரக் கடைசியில் ராஜாத்தியம்மா வேறொரு நம்பரிலிருந்து கூப்பிட்டாள். "ஏம்மா, என்னா காரியம் பண்ணிட்ட நீ? வந்து பாரு மரத்த" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அப்பாஸின் பைக்கில் போனார்கள். தோப்பில் மற்ற மரமெல்லாம் இலையும் கொழுந்துமாக நின்றன. வரப்போர மரம் மட்டும் மொட்டையாக நின்றது. கைக்கு எட்டியதை ஒடித்திருந்தார்கள், எட்டாததற்கு ஏணி போட்டிருந்தார்கள். ஒரு நுனி பாக்கியில்லை. எந்த ஊர்க்காரர்கள், எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியவில்லை. "தொரட்டியோட வந்தானுவ. வீடியோ பாத்தோம்னானுவ. நான் ஒருத்தி எத்தினி பேரத் தொரத்தறது?" என்றாள் ராஜாத்தியம்மா.

முத்துக்குமார் சார் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் வினோதாவும் பதிலுக்கு நாலு கேட்டிருப்பாள், அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். அவர் சும்மா இருக்க இருக்க அவளால் தாங்க முடியவில்லை.

"நீங்க மல்லிகாவுக்குக் குடுக்கப் போறீங்கன்னு நெனச்சிட்டேன் சார்."

"எந்த மல்லிகா?"

"பெங்களூர் மல்லிகா. சேனல் வெச்சிருக்கிறவ. வந்துடுச்சுன்னு நீங்கதான சொன்னீங்க? மொதல்ல அத முடிச்சு அனுப்பணும்னு?"

அவருக்குப் புரியவேயில்லை. ராஜாத்தியம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. தலையில் அடித்துக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். ஒரு கூடையைத் தூக்கிவந்து வினோதாவின் காலடியில் வைத்து, மேலே கிடந்த வைக்கோலை விலக்கினாள். மஞ்சள் மஞ்சளாக, கொழுகொழுவென்று மாம்பழங்கள்.

"இதாம்மா மல்லிகா. பறிச்சு, எட பாத்து, சாரு ஆபீசுக்கு அனுப்பறது. வருசா வருசம் வரும். இந்தத் தோப்புக்கு வேற எந்த மல்லிகாவும் வரல."

வினோதாவுக்குத் தெரியாத பழமா? அவள் அம்மாவே சந்தையில் பேரம் பேசி வாங்கிவருகிற பழம். போன வருஷம்வரை அந்தப் பெயருக்கு அவளுக்கும் அதுதான் அர்த்தமாக இருந்தது. அப்பாஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டான்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா" என்றார் சார். "கேக்கறதுதான உன் வேலையே?"

அவள் மொட்டை மரத்தைப் பார்த்தபடி அப்போதுதான் கேட்டாள். "அடுத்த வருசம் பூக்குமா சார்?"

"அன்னிக்குக் கடைசியா நீ கேட்டதுக்கு இததான் பதிலா சொன்னேன். வீடியோல அது காணோம்." அவர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "இனி பூக்கலைன்னா, மரமே படுத்துச்சா, நாம படுக்க வெச்சமான்னு எப்படிச் சொல்றது? பொழச்சுத் துளுத்து மறுபடி கணக்கு ஆரம்பிக்கணும்னா மூணு வருசம். அதுக்குள்ள நான் போயிடுவேன். எனக்கப்புறம் வர்றவரு இந்த வரப்புக்கு வருவாரோ என்னமோ."

அவள் அங்கேயே போனை எடுத்து வீடியோவை அழித்தாள். அழித்து என்ன? பார்க்க வேண்டியவர்கள் பார்த்து, ஒடிக்க வேண்டியதை ஒடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். "சரி, சரி, கெளம்புங்க, வெயில் ஏறுது" என்று சொல்லிவிட்டார் அவர். புறப்படும்போது ராஜாத்தியம்மா ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து அப்பாஸிடம் திணித்தாள். "பழம் பறிச்ச அன்னிக்கே சாரு இவளுக்குன்னு எடுத்து வெக்கச் சொன்னது. எனக்கு எதுக்கு, எடுத்துட்டுப் போங்க."

நெடுஞ்சாலையில் ஒரு டீக்கடையோரம் வண்டியை நிறுத்தினான் அப்பாஸ். காலையிலிருந்து பட்டினி. பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, சட்டையில் துடைத்து, தோலோடு கடித்தான். சாறு முழங்கைவரை வழிந்தது. அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று யோசித்திருப்பான் போலிருக்கிறது. வாயில் வந்தது அவ்வளவுதான்.

"செமையா இருக்குது வினோ, இந்த மல்லிகா."

அந்த நிலைமையிலும், அவன் வாயால் அந்தப் பெயருக்குப் பாராட்டைக் கேட்டதும் வினோதாவுக்குப் பொறாமை சுருக்கென்று குத்தியது. ஒரு மாம்பழத்தின்மேல். அது தெரிந்தபிறகுதான் அவள் அழ ஆரம்பித்தாள்.