அஞ்சுக்கு அஞ்சு

எண்பதுகளின் தொடக்கத்தில், நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் தொழிலாளர்களின் மனநிறைவை அளந்து ஆய்வுப் பட்டம் வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். கேள்வித்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். ஒன்று என்றால் துளியும் திருப்தியில்லை; ஐந்து என்றால் முழுத் திருப்தி. அந்த அளவுகோலைத் தேர்ந்தெடுக்க நான் படித்த புத்தகங்கள் அரை லோடு தேறும்.

தாள்கள் திரும்பி வந்தன. கூலிக்கு ஐந்து. மேஸ்திரிக்கு ஐந்து. கூரையே இல்லாத கழிவறைக்கும் ஐந்து. எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னால் ஆய்வும் இல்லை, பட்டமும் இல்லை.

டீ நேரத்தில் பார்த்தால், அதே ஆட்கள் மேஸ்திரியை வாய் ஓயாமல் வைதுகொண்டிருந்தார்கள். பெயின்டரிடம் கேட்டேவிட்டேன்: "அப்புறம் எதுக்குங்க அஞ்சு போட்டீங்க?"

"ஏனுங்க, பட்டத்துக்குப் படிக்கறேன்னு நீங்கதானுங்க சொன்னீங்க? நாங்க கொறைச்சுப் போட்டு நீங்க ஃபெயிலாயிட்டா அந்தப் பாவம் யாருக்குங்க?"

பக்கத்திலிருந்த வெல்டர் சேர்ந்துகொண்டார்: "இவன் உங்களுக்கு மூணுதான் போட்டான் சாமி. நாந்தான் வைது, அழிச்சு எழுதச் சொன்னேன்."

எண்களை எடுத்துவிட்டு, 'ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும்' என்று வார்த்தைகளைப் போட்டேன். மேஸ்திரி திட்டுகிறாரா? எப்போதும். ஆய்வு பிழைத்தது, பட்டமும் வந்தது.

எண்ணைக் கொடுத்தால் நம் ஆட்கள் மார்க் போடுவார்கள், வார்த்தையைக் கொடுத்தால்தான் பதில் சொல்வார்கள் என்று இன்று வகுப்பில் அடித்துப் பேசுகிறேன். ஆனால் உதவாத அந்த முதல் கட்டுத் தாள்களைத் தூக்கிப்போட மட்டும் மனம் வரவில்லை. எனக்கு யாரும் முழு மார்க் கொடுத்தது அந்த ஒரு தடவைதான்.