பஞ்சலிங்கம் வீட்டுக் கோபுரம்

எங்கள் ஊரில் கோயில்களுக்கும் குறைவில்லை, கோபுரங்களுக்கும் குறைவில்லை. ஆனால் உன் வீட்டு வளவுக்குள் ஒரு கோபுரம் நிற்கிறது, முப்பது நாளுக்குள் அதை அகற்று என்று கடிதம் வந்தது பஞ்சலிங்கம் அண்ணை ஒருவருக்குத்தான்.

கடிதத்தைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு சைக்கிளில் என்னிடம் வந்தார். நான் முப்பத்தொரு வருஷம் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சுன்னாகம் சந்தைப் பக்கத்து ஊர்களில் யாருக்கு அரசாங்கக் கடிதம் வந்தாலும் என் வீட்டுப் படலைதான் முதலில் திறபடும்.

"உதயகலா, உதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு தங்கச்சி. என்ரை வீட்டிலை கோபுரம் எங்கை கிடக்கு?"

வாசித்தேன். பிரதேச சபையின் முத்திரையும் செயலாளரின் கையெழுத்தும் ஒழுங்காக இருந்தன. "தங்கள் வதிவிடக் காணியில் இருபது அடிக்கு மேற்பட்ட உயரத்தில் எழுப்பப்பட்டுள்ள கோபுரத்தை" என்று தொடங்கியது. அவர்கள் சொன்னது அவருடைய அன்ரனாக் கம்பத்தை. தண்ணீருக்குப் போடுகிற இரும்புக் குழாய் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, கிணற்றடியில் நிறுத்திய ஐம்பதடிக் கம்பம். உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் செப்புக் கம்பி சரிந்து இறங்கும். அவருடைய மனைவி குணலட்சுமி அக்கா இழுவைக் கம்பியில் ஈரச் சேலை காயப்போட்டு ஏச்சு வாங்குவது கிழமையில் இரண்டு தரம் நடக்கும். அவ்வளவுதான் அந்தக் கோபுரத்தின் மகிமை.

பஞ்சலிங்கம் அண்ணை அமெச்சூர் வானொலிக்காரர். சம்பளத்துக்கு இல்லாமல், ஆசைக்காக, அரசாங்கத்தின் உரிமம் எடுத்து, சொந்தக் கருவியால் வானலையில் கதைக்கிறவர். மின்நிலையத்தில் வேலை செய்தவர். சண்டைக் காலத்தில் வேலையும் இல்லை, கரண்டும் இல்லை. அப்போது சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, குணலட்சுமி அக்கா பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் றேடியோவைப் பூட்டி உலகம் முழுவதையும் கேட்டார். கேட்க மட்டும்தான் முடிந்தது. பேசுகிற கருவி ஒன்றை வீட்டில் வைத்திருந்தால் உளவாளி என்று ஆளையே காணாமல் ஆக்கியிருப்பார்கள்.

"இருவது வருஷம் நான் கேட்டுக்கொண்டே இருந்தனான். ஒருத்தனுக்கும் மறுமொழி சொல்லேல்லை," என்பார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருவது துக்கமில்லை, கோபம்.

சண்டை முடிந்த பிறகு, ஐம்பது வயதில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கொப்பியும் பென்சிலும் வைத்துப் படித்து, கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி உரிமம் எடுத்தார். கம்பம் நிறுத்திய அன்று இரண்டு மணித்தியாலம் கூப்பிட்டார். கடைசியில் தென்னாபிரிக்காவின் டர்பனிலிருந்து ஒருவர் மறுமொழி சொன்னார். பெயர் கோவெண்டர். பாட்டன் காலத்தில் கோவிந்தராக இருந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த தமிழ் 'வணக்கம்' ஒன்றுதான். பஞ்சலிங்கம் அண்ணை அன்று அழுதார். அதை அவர் மறைத்ததில்லை, நான் ஏன் மறைக்க வேண்டும்?

அன்றிலிருந்து பதின்மூன்று வருஷம், வானம் இடங்கொடுத்த நாளெல்லாம் பின்னேரம் ஐந்தரைக்குக் கோவெண்டர் கூப்பிடுவார், இவர் மறுமொழி சொல்லுவார். என்ன கதைப்பார்கள்? மழை பெய்ததா, முழங்கால் நோவு எப்படி, கம்பி துருப்பிடித்ததா. இதற்குத்தானா இவ்வளவு என்று கேட்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. வட்ஸ்அப் இல்லையோ என்று கேட்பவர்களை இன்னும் பிடிப்பதில்லை. அந்தக் கேள்வியை, கம்பத்துக்காக நாங்கள் அலைந்த ஆறு மாதத்தில், எத்தனை பேர் கேட்டார்கள் என்று எழுதி வைத்திருந்தால் ஒரு கொப்பி முடிந்திருக்கும்.

"வட்ஸ்அப்பிலை தெரிஞ்ச ஆளைத்தான் கூப்பிடலாம்," என்று அவர் பொறுமையாகச் சொல்லுவார். "இதிலை ஆர் கேக்கினம் எண்டு தெரியாமலே கூப்பிடலாம்." எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்றும் சொல்ல வேண்டும். போன வருஷம் பக்கத்து ஊரில் பாலர் பாடசாலைக்கு அருகே ஒரு ரெலிபோன் கம்பனி உயரமான இரும்பு ரவர் போட வந்தது. சனம் திரண்டது. நானும் பதாகை பிடித்தேன். புதிதாகத் தெரிவான சபைக்கு அப்போதுதான் கை துருதுருத்துக்கொண்டிருந்தது. உடனே ஓர் உபவிதி போட்டார்கள். குடியிருப்புப் பகுதியில் இருபது அடிக்கு மேல் எந்தக் கோபுரமும் கூடாது. கம்பனி தன் ரவரை வயல்வெளிக்குக் கொண்டுபோய் நட்டுவிட்டு லாபம் பார்க்கிறது. அகப்பட்டது பஞ்சலிங்கம் அண்ணை. அடுத்த வளவுப் பராசக்தி தன் தென்னையில் குரும்பட்டி பிஞ்சிலேயே கொட்டுகிறது, அலைதான் காரணம் என்று முறைப்பாடு கொடுத்தாள். குடாநாட்டுத் தென்னை முழுக்க வெள்ளை ஈ பிடித்துக் கிடக்கிறது. அந்த ஈயும் அன்ரனாவிலிருந்துதான் பறந்து வந்ததாம்.

முதலில் எங்கள் வட்டார உறுப்பினர் கேதீஸ்வரனிடம் போனோம்.

"கோயில் கோபுரத்துக்கு மேலாலை வீடு கட்டக் கூடாது எண்டு ஊரிலை ஒரு முறை இருக்கெல்லோ அண்ணை," என்றார் அவர். "இது கோபுரம் எண்டு எழுதியிருக்கு. கோயில் தர்மகர்த்தாவிட்டை ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வாங்கோ, நான் சபையிலை கதைக்கிறன்."

தர்மகர்த்தா கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, கோபுர விஷயம் என்றால் ஆகமம் பார்க்க வேண்டும், குருக்களைக் கேளுங்கோ என்றார். குருக்கள் வாய்விட்டுச் சிரித்தார். "உது கோபுரமெண்டால் என்ரை வீட்டு ரிவி அன்ரனா என்ன, மூலஸ்தானமோ?" ஊரில் எங்களுக்குக் கிடைத்த ஒரே புத்தியான பேச்சு அதுதான். ஆனால் அதை எழுதிக் கையெழுத்து வைத்துத் தர அவர் சம்மதிக்கவில்லை.

பிறகு நாடாளுமன்ற உறுப்பினர். மூன்று தரம் போய் நாலாம் தரம் ஆளைக் கண்டோம். மன்னாரிலிருந்து ஜெனிஸ் என்ற இன்னொரு வானொலிக்காரரும் பஸ்ஸில் வந்து சேர்ந்துகொண்டார். உள்ளூராட்சிச் சட்டத்தில் அமெச்சூர் வானொலிக்கு ஒரு விதிவிலக்குக் கேட்டு நான் எழுதிய மகஜரை உறுப்பினரிடம் கொடுத்தோம். அவர் முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"அமெச்சூர் எண்டால் இன்னும் சரியாப் பழகாத ஆள் எண்டுதானே?"

"இல்லை ஐயா, காசுக்குச் செய்யாத ஆள்," என்றேன்.

"காசும் வாறேல்லையோ?" அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "சரி, உங்கடை ஆக்கள் வடக்கிலை எத்தினை பேர்?"

"ஆறு பேர், ஐயா," என்றார் ஜெனிஸ்.

"ஆறாயிரமோ?"

"ஆறு, ஐயா."

உறுப்பினர் மகஜரை மேசையில் ஒரு பெரிய அடுக்கின்மேல் வைத்தார். அடுத்த கிழமை கதைப்பம் என்றார். அடுத்த கிழமை அவர் லண்டனில். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கும், ஆறு பேருடைய சத்தம்தான் கேட்காது.

முப்பது நாள் தவணை இரண்டு தரம் நீட்டப்பட்டு ஆறாவது மாதம், கடைசி மாதம், வந்தது. நான் கோபத்தோடு சபைச் செயலாளர் சிவகௌரியிடம் போனேன். "இரும்புக் குழாயைக் கோபுரம் எண்டு எழுதின அந்த மடச் சாம்பிராணி ஆர் பிள்ளை?" என்று கேட்டேன். அவள் சங்கடத்தோடு கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, உது நீங்கள் எழுதித் தந்ததெல்லோ."

என் கையெழுத்துத்தான். ஆங்கில மாதிரி உபவிதி ஒன்றை அவசரமாகத் தமிழாக்கித் தரும்படி போன வருஷம் கேட்டார்கள். ரவரை எதிர்த்த சூட்டில் ஒரே இருப்பில் எழுதிக் கொடுத்துவிட்டு மறந்தே போனேன். ரவர் என்று தமிழில் எழுத என் மானம் இடங்கொடுக்கவில்லை. கோபுரம் என்று எழுதினேன். அதோடு விட்டேனா? கம்பனிக்காரன் சந்து பொந்துக்குள்ளால் நழுவக் கூடாது என்று, 'அலைவாங்கி பொருத்திய எந்த அமைப்பும் கோபுரம் எனப்படும்' என்று மூலத்தில் இல்லாத ஒரு வரியையும் நானாகவே சேர்த்திருந்தேன். அன்ரனாவுக்குத் தமிழ் அலைவாங்கி. முப்பத்தொரு வருஷ சேவையில் ஒரு பிழைதிருத்தம் வெளியிடாத கை இது. கோப்பை மூடி அவள் பக்கமே தள்ளினேன்.

பஞ்சலிங்கம் அண்ணையிடம் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நீ எழுதினதோ? அதுதான் பாத்தன், நல்ல தமிழாக் கிடக்குதே எண்டு," என்றார். அதைவிட ஏசியிருக்கலாம்.

சபைக் கூட்டத்துக்குக் கடிதம் கொடுத்தேன். முதல் பந்தி: சொல் பிழையானது, பிழை என்னுடையது, சேர்த்த வரியும் என்னுடையது. இரண்டாவது பந்தி: உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலிக்காரருக்கு ஐம்பது அடிவரை விதிவிலக்குத் தர வேண்டும். பொதுமக்கள் இருக்கிற வாங்கில் பஞ்சலிங்கம் அண்ணையும் நானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். சபைக்குத் தலைமை வகிக்கிற தவிசாளர் முதல் பந்தியை வாசித்து முடித்ததுதான் தாமதம், சபை கொதித்தது. கம்பத்துக்காக என்று நினைக்கிறீர்களா? கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்கிற மண்ணில், அந்தச் சொல்லை ஓர் இரும்புக் குழாய்க்கு வைப்பதா என்று ஓர் உறுப்பினர் மேசையில் அடித்தார். சரி, வேறு என்ன சொல்? தூண் என்றார் ஒருவர். தண்டு என்றார் இன்னொருவர். வானலைத் தாங்கி என்றார் கவிதை எழுதுகிற ஒருவர். ஒரு மணித்தியாலமும் பத்து நிமிஷமும் தமிழ் வளர்த்தார்கள். கடைசியில் 'கோபுரம்' வருகிற இடமெல்லாம் 'கம்பம்' என்று மாற்ற ஏகமனதாகத் தீர்மானித்துக் கை தட்டினார்கள். மத்தியானச் சாப்பாடு வந்துவிட்டது. இரண்டாவது பந்தியை ஒருவரும் வாசிக்கவில்லை.

வெளியே வந்து பஞ்சலிங்கம் அண்ணை சைக்கிளின் பூட்டைத் திறந்துகொண்டு சொன்னார்: "முந்தி அது கோபுரமில்லை எண்டு வழக்காடியிருக்கலாம் தங்கச்சி. இனி அது கம்பமில்லை எண்டு நான் எந்தக் கோயிலிலை போய்ச் சத்தியம் பண்ணுறது?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. பிடித்தது நான்.

வெள்ளிக்கிழமை கம்பத்தை இறக்கினோம். வேறொருவரையும் அவர் கூப்பிடவில்லை. ஒரு பக்கக் கயிற்றை நானும் ஒரு பக்கத்தைக் குணலட்சுமி அக்காவும் பிடித்தோம். மேல் குழாய் இரண்டையும் கழற்றி மதிலோரம் கிடத்தினார். பராசக்தி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். மிஞ்சியது பதினேழு அடி. சட்டத்துக்கு மூன்றடி குறைவாகவே நிறுத்தினார், ஒருவரும் அளவுநாடாவோடு வந்து நிற்கக் கூடாது என்று.

திங்கட்கிழமை பின்னேரம் அவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்கப் போனேன். ஐந்தரை. வானொலிக்கு முன்னால் இருந்தார். கோவெண்டரின் குரல் கரகரத்து வந்தது. அந்தப் பக்கம் மலையுச்சியில் பெரிய அன்ரனா, பலமான கருவி. அங்கிருந்து வருவது பதினேழு அடிக் கம்பத்திலும் வந்து விழும். இங்கிருந்து போவதற்குத்தான் உயரம் வேண்டும்.

"வணக்கம், பஞ்சா. யாழ்ப்பாணம், கேட்கிறதா?" வணக்கத்தைத் தவிர மற்றதெல்லாம் ஆங்கிலம்.

பஞ்சலிங்கம் அண்ணை மைக்கை அழுத்தி மறுமொழி சொன்னார். மற்றப் பக்கத்திலிருந்து திரும்பவும் அதே கேள்வி வந்தது. இவர் இன்னும் உரக்கச் சொன்னார். திரும்பவும் அதே கேள்வி.

"மூண்டு நாளாய் இதுதான்," என்றார். "அவர் எனக்குக் கேக்குது. நான் அவருக்குக் கேக்கேல்லை."

"ஜெனிஸைக் கொண்டு சொல்லுவிக்கலாமே அண்ணை."

"ஓம். அவன் நாளைக்குச் சொல்லிப்போடுவான்." மைக்கை மேசையில் வைத்தார். "நான் உயிரோடை இருக்கிறன் எண்டதையும் இனி வேறை ஆக்கள்தான் சொல்ல வேணும்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர்கள்மேல் பாதி, என்மேல் பாதி. கைத்தொலைபேசியை எடுத்துத் தவிசாளருக்கு அடித்தேன். அவர் எடுத்ததும் ஒன்றும் சொல்லாமல் வானொலிக்கு முன்னால் பிடித்தேன்.

"பஞ்சா, உனக்கு ஏதும் நடந்துவிட்டதா? யாராவது கேட்கிறீர்களா? பஞ்சலிங்கம் சுகமாக இருக்கிறாரா என்று யாராவது சொல்லுங்கள்."

"ஆர் அக்கா உது?" என்றார் தவிசாளர்.

"டர்பனிலை ஒரு வயசு போன மனிசன், தம்பி. உங்களுக்கு இங்கிலீசு விளங்கும்தானே? இந்த வீட்டிலையிருந்து மறுமொழி போக நீங்கள் விடேல்லை. அப்ப நீங்களே சொல்லுங்கோ."

வானொலியில் கிழவர் இன்னொரு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது தவிசாளருக்கும் கேட்டது, எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் அவர் தொண்டையைச் செருமினார்.

"அக்கா, இதை எழுத்திலை தாங்கோவன்."

தந்துவிட்டேன், தவிசாளர் அவர்களே. நீங்கள் எழுத்தில் கேட்டது, முதல் வரியிலிருந்து இங்கே எழுதியிருக்கிற இதுதான். இந்தத் தரமாவது கடைசிவரை வாசியுங்கள்.