படிக்கப் போறேன்னு எழுது

பர்மிட்டில் போட்டிருக்கும் எண்ணிக்கைக்கு மேல் ஒருவரைக்கூட வேம்புலியம்மாள் தன் ஷேர் ஆட்டோவில் ஏற்றுவதில்லை. சாயங்காலம் அம்பத்தூர் ஓ.டி.யில் கூட்டம் முண்டும்போது, "ஒட்டி உக்காந்துக்கிறோம்க்கா" என்று கெஞ்சுபவர்களிடம், "ஒட்டிக்கினா ஆள் கொறஞ்சிடுமா? எறங்கு" என்பார். போக்குவரத்துக் காவலர் கை காட்டினால் மற்ற ஓட்டுநர்கள் சந்துக்குள் திருப்பிவிடுவார்கள். இவர் நேரே கொண்டுபோய் அவர் எதிரில் நிறுத்துவார்.

நாற்பத்தாறு வயது. மேனாம்பேட்டில் எங்கள் தெருவின் கடைசி வீடு. காக்கிச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருப்பார். மதியச் சாப்பாட்டை வண்டியிலேயே முடித்துக்கொண்டு, ஒரு வெள்ளரிக்காயைத் தோலோடு கடித்துத் தின்பார். யாராவது பாவம் என்பதுபோலப் பார்த்தால், "இன்னா, உனுக்கும் வோணுமா?" என்று நீட்டுவார்.

கூட இருந்தவள் தங்கை சுதா. பி.எஸ்ஸி. முடித்த கையோடு கல்யாணம். புருஷன் வீட்டார் பத்து வருடம் வேலைக்கும் விடவில்லை, வாசலுக்கும் விடவில்லை. ஒருநாள் அக்காவே வண்டியோடு போய் அழைத்து வந்துவிட்டார். அதன் பிறகு திருமழிசையில் ஒரு பிஸ்கட் ஆலையின் ஆய்வகத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தாள். முப்பத்தாறாவது வயதில் அயர்லாந்துக் கல்லூரி ஒன்று உணவுப் பாதுகாப்புப் படிப்புக்கு அவளுக்கு இடம் கொடுத்தது. ஒரு வருடப் படிப்பு.

விசாவுக்காக முகப்பேரில் ஒரு ஏஜென்டிடம் போனார்கள். அவர் தாள்களைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வயசு முப்பத்தாறு. நடுவுல பத்து வருசம் ஒண்ணுமே இல்ல. ஸ்டூடன்ட் விசா கேட்டா சந்தேகப்படுவாங்க. விசிட்டர்ல போகட்டும்க்கா. சுத்திப் பாக்க வந்தேன்னு உள்ள போய்ட்டா, அங்க மாத்திக்கலாம்."

அப்படி மாற்ற முடியாது என்பதை இணையதளத்தில் பார்த்து சுதா முன்பே அக்காவிடம் சொல்லியிருந்தாள். இருந்தும், மறுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் தலையாட்டப் போனாள்.

"ஏர்போர்ட்ல இன்னாத்துக்கு வந்தன்னு கேட்டா?" என்றார் வேம்புலியம்மாள்.

"டூரிஸ்ட்னு சொல்லணும். காலேஜ் லெட்டர் மட்டும் கைல இருக்கக் கூடாது."

"பத்து வருசம் பி.எஸ்ஸி. படிச்சதையே ஒளிச்சி வச்சிகினு கெடந்தா. இப்ப படிக்கப் போறதையும் ஒளிக்கணுமா? எந்திரிடி." தாள்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

மாணவர் விசாவுக்குத் தாங்களே விண்ணப்பித்தார்கள். என் வீட்டுக் கணினியில்தான் சுதா எல்லாவற்றையும் தட்டினாள். அந்தப் பத்து வருடத்துக்குக் 'குடும்பச் சூழ்நிலை' என்று இரண்டே வார்த்தை எழுதினாள். இரண்டு மாதம் கழித்து மறுப்பு வந்தது. நீண்ட இடைவெளிக்குச் சரியான விளக்கம் இல்லை, இப்போது இந்தப் படிப்பு எதற்கு என்பதும் தெளிவாக இல்லை.

சுதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "அந்தாளு சொன்ன மாரியே போயிருக்கலாம்க்கா."

மறுநாள் வேம்புலியம்மாள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு சுதாவோடு என் வீட்டுக்கு வந்தார். விண்ணப்பத்தோடு சுதா அனுப்பிய கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். "இன்னா சூழ்நிலை? மழையா பேஞ்சிது? ஊட்ட உட்டு வெளிய உடலன்னு எழுது."

"அதெல்லாம் வெளிநாட்டுக்காரங்களுக்கு எதுக்குக்கா? அசிங்கமா கீது."

"அசிங்கப்பட வேண்டியவன் அங்க சொகமா கீறான். தப்பு பண்ணவ மாரி நீ ஏன் முழுங்குற? நாலு வருசமா இன்னா வேலை பாக்குற, இத்த படிச்சா இன்னா ஆவ, எல்லாத்தையும் எழுது. படிக்கப் போறேன்னு எழுது."

சுதா எழுதினாள். நடுவில் ஒருமுறை எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். முடித்தபோது மூன்று பக்கம் இருந்தது. பிஸ்கட் ஆலைக்கு அக்காவும் தங்கையும் சேர்ந்தே போனார்கள். படித்துவிட்டு வந்தால் ஆய்வகப் பொறுப்பு அவளுக்குத்தான் என்று மேலாளர் எழுதிக் கொடுத்தார். இரண்டையும் இணைத்து மேல்முறையீடு போனது. ஏழு வாரத்தில் விசா வந்தது. போன மாதம் சுதா விமானம் ஏறினாள்.

நேற்று நான் அந்த ஷேர் ஆட்டோவில் வந்தேன். எங்கள் தெரு சரசாவும் இருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "இவுங்க தங்கச்சி ஃபாரின் போய்க்கிறா. இந்த வயசுல படிப்பாவது ஒண்ணாவது, சும்மா சுத்திப் பாக்கத்தான்" என்றார்.

நட்ட நடுச் சாலையில் வண்டி நின்றது. வேம்புலியம்மாள் இன்ஜினை அணைத்துவிட்டு, உடம்பை முழுதாகத் திருப்பிக்கொண்டு சரசாவைப் பார்த்தார்.

"படிக்கப் போய்க்கிறா."

பின்னால் பேருந்து ஹாரன் அடித்தது. அவர் அசையவில்லை. சரசாவையும், அவர் பக்கத்தில் இருந்தவரையும், கடைசியில் என்னையும், ஒவ்வொரு முகமாகப் பார்த்து முடித்த பிறகே சாவியைத் திருப்பினார்.