யூனிட் ஆறட்டும்

கருகிய வார்னிஷின் நெடி மூக்கில் ஏறினால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிடும்: ஏதோ ஒரு 'யூனிட்' போய்விட்டது. குழாய் ஒலிபெருக்கியின் பின்னால் உருண்டையாகத் திருகியிருக்குமே, அதுதான் யூனிட். அதற்குள் தலைமுடி போன்ற கம்பியால் சுற்றிய 'காயில்' என்ற சுருள் ஒன்று இருக்கும்; ஓயாமல் அதிகச் சத்தம் கொடுத்தால் அது சூடேறி, மேலே பூசிய வார்னிஷ் பொசுங்கி, சட்டென்று ஊமையாகிவிடும். பாபநாசத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையோர ஊரில் அத்தா, அதாவது என் அப்பா, 'மைக் செட்' வாடகைக்கு விட்டுவந்ததால், பால் பொங்கும் வாசனையைப் போல இந்த நெடியும் எனக்குச் சிறுவயதிலேயே பழக்கம்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், ஆடி மாதத்தில், மேற்கே எங்கோ பெய்த மழைக்கு அணை நிரம்பித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்க, கொள்ளிடம் மட்டும் ஏறத் தொடங்கியது. வானம் வெளுத்திருந்ததால், கரைக்கும் ஆற்றுக்கும் நடுவில் கிடக்கும் 'படுகை'யில் வாழைத்தார் வெட்டப் போனவர்கள் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. அவர்களில் என் வகுப்புத்தோழி செல்வியின் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள்.

அத்தா நல்ல செட்டுகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு சீர்காழியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வீட்டில் மிஞ்சியிருந்த பழைய ஆம்ப்ளிஃபயரையும் இரண்டு குழாய்களையும் பேட்டரியோடு அம்மா கரைக்குக் கொண்டுவரச் செய்தார். செல்வியின் சித்தப்பா கணேசன் மைக்கை வாங்கி, ஒலியை முழுக்கத் திருகிவைத்து, அண்ணனைப் பெயர் சொல்லி அழைத்தபடி மூச்சுவிடாமல் கத்தினார். கொஞ்ச நேரத்தில் அந்த நெடி வந்தது. ஒரு குழாய் ஊமையானது.

அம்மா அத்தாவுக்குப் போன் போட்டார். அத்தா போட்ட சத்தம் பக்கத்தில் நின்ற எங்களுக்கே கேட்டது. "கனத்த சத்தம் வர்ற பேஸ சுத்தமா கொறச்சு வை. சவுண்டையும் பாதிக்கு எறக்கு. ரெண்டு வரி பேசு, நிறுத்து, ஆறட்டும், மறுபடி பேசு. யூனிட் முதுகுல ஈரத்துணி போடு, தண்ணி உள்ள எறங்காம பாத்துக்க. மிச்சம் இருக்குறது ஒண்ணுதான்."

அம்மாவே மைக்கைப் பிடித்தார். அதுவரை அவர் மைக்கில் பேசி நான் கேட்டதே இல்லை. "படுகையில இருக்குறவங்க எல்லாரும் கரைக்கு வாங்க. தண்ணி வருது. தாரைப் போட்டுட்டு வாங்க." உடனே சுவிட்சை அணைத்துவிட்டு, நனைத்துப் பிழிந்த துண்டை யூனிட்டின் முதுகில் போர்த்தினார். அந்த இடைவெளிதான் தாங்கமுடியாததாக இருந்தது. செல்வி என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

"பேசுங்கக்கா, நிறுத்தாதீங்க" என்று கணேசன் கெஞ்சினார்.

"இதுவும் போச்சுன்னா கூப்புட ஒண்ணுமில்ல தம்பி, கொஞ்சம் பொறுங்க" என்றார் அம்மா.

அப்படி விட்டு விட்டு அம்மா பேசப் பேச, வாழைக்கொல்லைகளிலிருந்து ஒவ்வொருவராக ஓடிவந்து கரையேறினார்கள். செல்வியின் பெற்றோர் மட்டும் வரவில்லை. துண்டைப் போர்த்திவிட்டு எல்லோரும் பேச்சின்றி நின்றிருந்த ஒரு நேரத்தில்தான், நாணல் புதருக்கு அப்பாலிருந்து "கணேசா..." என்று மெல்லிய குரல் வந்தது. குழாய் அலறிக்கொண்டே இருந்திருந்தால் அது யார் காதிலும் விழுந்திருக்காது. கரைக்கு வரும் வழியிலிருந்த பள்ளத்தில் தண்ணீர் புகுந்துவிட, அவர்கள் அந்தப் பக்கமே நின்றுபோயிருந்தார்கள். கணேசனும் இன்னும் இருவரும் இடுப்பில் கயிறு கட்டி இறங்கி, மார்பளவுத் தண்ணீரில் அவர்களைப் பிடித்து இழுத்துவந்தார்கள்.

செல்வியின் அம்மா ஒரு கையால் மகளை அணைத்தபடி, சேறும் ஈரமுமாக என் அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துவிட்டார். "உங்க சத்தம் கேட்டுத்தான் அருவாளக் கீழ போட்டோம்க்கா." அம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

இப்போது எங்கள் பக்கம் குழாய்கள் அபூர்வம். அத்தா வாங்கிவைத்திருக்கும் பெட்டி ஸ்பீக்கர்கள் சூடேறினால் தாமாகவே ஒலியைக் குறைத்துக்கொள்கின்றன. வெள்ள எச்சரிக்கையோ தண்ணீருக்கு முன்பே எல்லோர் போனிலும் வந்துவிடுகிறது. போன ஆடியில் கொள்ளிடம் இருகரை தொட்டு ஓடியபோது, செல்வி காலையிலேயே கூப்பிட்டாள். "படுகையில ஒரு ஆள் இல்லடி. ஆடு மாடுகூட கரையேறிடுச்சு." அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு, நான் நன்றாகத் தூங்கினேன்.